நாற்பது விநாடி

உட்துறைமுக வீதி இறால் கொம்பனியில்
ஐந்து திரைகள். ஐந்தையும் ஏணி வைத்து மாட்டினது நான்.
மற்ற நாளெல்லாம் அவை வாய் திறக்காது.
ஐஸ் அறை மறை பதினெட்டு பாகை,
விபத்தில்லாத நாட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு,
கை கழுவுகிற படம்,
பிறகு ஆருக்காவது பிறந்தநாள்,
ஒரு கேக், அதைச் சுற்றி ஆடுகிற பலூன்.

மூன்று மாதத்துக்கு ஒருக்கா கொழும்பு வரும்.
எல்லாருக்குமான கூட்டம் என்று பெயர்.
புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் எங்களிடமும்
ஒரே நேரத்தில் ஒரே முகம்.

ஒரே நேரம் என்பது அவர்கள் சொல்வது.
பொதியிடும் மண்டபத்துக்கு வயர் நேரே போகிறது.
கன்ரீனுக்குப் பதினொரு விநாடி பிந்தும்.
கேற்றடிப் பெட்டி பழையது,
காற்றில் வாங்கி, மென்று, விக்கி, துப்ப
நாற்பது.
விறாந்தையின் நடுவில் நின்றால்
ஒரு மனுசன் தன் பேச்சைத் தானே
பின்னால் வந்து திருப்பிச் சொல்வது கேட்கும்.

திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் வந்தது.
"பார்ப்பம்" என்று பதில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பத்தரை.
துரை தண்ணீர் குடித்தார்.
சட்டைக் கையை மடித்து விட்டார்.
"நாங்கள் ஒரு குடும்பம்" என்றார்.
அந்தச் சொல் வந்தால் எங்கள் ஆட்கள்
மனதுக்குள் சம்பளத்தைக் கழித்துப் பார்ப்பார்கள்.
பிறகு திருகோணமலை என்று சொல்ல வராமல்
ட்ரிங்கோ என்றார்.
இரவு வேலை முதலாந் திகதியோடு நிற்கும்.
எண்பத்துநாலு பேர், காவலும் சேர்த்து.

மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடியது.
சுலோஜினி உரித்து முடித்த இறாலை
ஓட்டுக் குவியலுக்குள்
மெல்லத் திரும்ப வைத்தாள்.

விறாந்தைக்கு வந்தேன்.
கன்ரீனில் இன்னும் குடும்பம்.
விடிய விடிய வேலை செய்து, கூட்டம் கட்டாயம் என்பதால்
வீட்டுக்குப் போகாத மெரின்டா
பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.
ஐந்து. ஆறு.
றிமோட் என் கையில்.
அமத்தலாம். அமத்தி?
எட்டு.
அவளுடைய தேத்தண்ணி ஆற
இன்னும் நேரம் இருந்தது.

பதினொன்றில் நான் அங்கே நிற்கவில்லை.
ஓடினேன்,
ஐஸ் லொறியைச் சுற்றி, மீன் கழுவின தண்ணீரில் சறுக்கி,
என் சீவியத்தில் முதல் தடவை
ஒரு செய்தியை விட வேகமாக.

கேற்றடியில் மர்சூக் நானா,
கிண்ணியாப் பாலம் தாண்டிப் பதினாறு வருசம்
இருட்டுக்கு முதல் வந்து சேருகிற மனுசன்,
இன்றைக்குப் பகலிலும் இருந்தார்,
தலை நிமிர்த்தி, கூட்டத்தை மதித்து,
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து.
கம்பிக்கு அப்பால் டவுன் மான் ஒன்று
எங்கள் கொம்பனிப் பெயர் அச்சடித்த மட்டைப் பெட்டியைத்
தின்றுகொண்டு நின்றது.

"என்ன தம்பி, இப்பிடி இளைக்குது?"

பத்து விநாடி மிச்சம் இருந்தது.
வழியெல்லாம் அடுக்கி வந்த வசனம்
நாக்கில் வந்து படுத்துக்கொண்டது.
"ஒண்டுமில்லை நானா.
சத்தம் வடிவாக் கேக்குதா எண்டு பாக்க வந்தனான்."

வாங்கில் தள்ளி இருந்து
எனக்கு இடம் விட்டார்.
இருந்தேன்.
துரை குடும்பம் என்றார்.
நானா தலையாட்டினார்.
ட்ரிங்கோ என்றார்.

மானைப் பார்த்து "சூ" என்றார் நானா.
அது போகவில்லை.
தொப்பியை எடுத்தார், தூசு தட்டினார்,
போடாமல் திரும்ப மடியிலேயே வைத்தார்.

திரை தன் பாட்டுக்குத் திரும்பியது:
இன்று மெரின்டாவின் பிறந்தநாள், கேக், பலூன்,
விபத்தில்லாத நாட்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு.

"நல்லாத்தான் கேக்குது தம்பி,"
என்றார் கடைசியில்,
நான் கேட்டதுக்கு.